டயரில் பெயர், தலையில் கடன்: வெயிலில் உருகாத ரப்பரைத் தந்த சார்லஸ் குட்இயர் யார்?

கார் வாங்கி மூணு நாலு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு ஒரு ஆசை வரும். கம்பெனி போட்டுக் கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் அகலமான, ரோட்டை இன்னும் நல்லா பிடிக்கிற டயராகப் போடணும். ஆபீஸ் போகும் சாதாரண கார்தான், ரேஸ் ஓட்டப் போவதில்லை. ஆனா மழை ரோட்டில் பிரேக் போட்டால் சொன்ன இடத்தில் நிக்கணும், வளைவில் வழுக்காமல் திரும்பணும். இப்படித் தேடுபவர்களுக்கு இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர். அதாவது கோடைக்கால டயர்.

அந்த டயர்களைத் தேடும்போது கட்டாயம் எதிர்ப்படும் ஒரு பெயர் குட்இயர். பலரும் அதை நல்ல வருஷம் என்று வைக்கப்பட்ட பிராண்ட் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கோடீஸ்வரரின் பெயராக இருக்கும் என்று நினைக்கலாம். ரெண்டுமே இல்லை.

சார்லஸ் குட்இயர் என்ற மனிதர் உண்மையில் இருந்தார். ஆனால் அவர் டயர் தயாரிக்கவில்லை. கார் என்ற ஒன்றைப் பார்த்ததும் இல்லை. அவர் பெயரில் கம்பெனி தொடங்கியபோது அவர் இறந்து 38 வருஷம் ஆகியிருந்தது. இறந்தபோது அவர் குடும்பத்துக்கு விட்டுப்போனது சுமார் 2 லட்சம் டாலர் கடன்.

அப்படியென்றால் அவர் பெயர் ஏன் டயரில் இருக்கிறது? அதற்கு ரப்பருக்கும் வெயிலுக்கும் இருந்த பழைய பகையிலிருந்து தொடங்கணும்.

ரப்பர் என்றாலே உருகும்

1830-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் கிளம்பியது. பிரேசில் காடுகளில் மரத்தைக் கீறி எடுத்த பால் உறைந்து, கட்டிகளாகக் கப்பலில் வந்து இறங்கியது. தண்ணீர் புகாது, இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். இப்படி ஒரு பொருளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாஸ்டன் பக்கத்தில் வரிசையாக ரப்பர் கம்பெனிகள் முளைத்தன. ஷூ, கோட், தொப்பி, வண்டிக் கூரை என்று எதை எடுத்தாலும் ரப்பர். பணம் வைத்திருந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு முதலீடு செய்தார்கள்.

பிறகு கோடை வந்தது.

கடையில் அடுக்கிவைத்த ஷூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோட்டுகள் பிசுபிசுத்தன. நாற்றம் வேற தாங்க முடியவில்லை. குளிர்காலத்திலோ அதே ரப்பர் பலகை மாதிரி விறைத்து வெடித்தது. வாங்கியவர்கள் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து பணத்தைக் கேட்டார்கள். சில வருஷங்களிலேயே பல கம்பெனிகள் மூடப்பட்டன, முதலீட்டாளர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ரப்பர் என்ற சொல்லைக் கேட்டாலே வங்கிக்காரர்கள் கதவைச் சாத்தும் நிலை வந்தது.

எல்லோரும் ரப்பரைவிட்டு ஓடிய அந்த நேரத்தில்தான் நம்ம ஆள் உள்ளே வருகிறார்.

இரும்புக் கடைக்காரர்

சார்லஸ் குட்இயர் 1800 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் பிறந்தார். அப்பா அமாசா குட்இயர் பொத்தான், விவசாயக் கருவிகள் போன்றவற்றைத் தயாரித்து விற்றவர். புதுசு புதுசாகக் கருவி செய்து பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது என்று சொல்லலாம். சார்லஸ் இளம் வயதிலேயே பிலடெல்பியாவுக்குப் போய் இரும்புச் சாமான் வியாபாரம் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி அப்பாவோடு கூட்டு சேர்ந்தார். 1824-ல் கிளாரிசா பீச்சரைத் திருமணம் செய்தார். 1826-ல் மறுபடி பிலடெல்பியா போய்ச் சொந்தமாகக் கடை போட்டார்.

கடை நன்றாகத்தான் போனது. ஆனா கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை. உடம்பும் படுத்தியது. 1830 வாக்கில் வியாபாரம் திவால். அந்தக் காலத்து அமெரிக்காவில் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் ஜெயில். குட்இயர் முதல்முறை உள்ளே போனது அப்போதுதான். அதற்குப் பிறகு வாழ்நாளில் எத்தனை முறை போனார் என்று எண்ணுவதே சிரமம்.

1834-ல் ஒருநாள் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடைக்குள் நுழைந்தார். அங்கே ஒரு ரப்பர் மிதவைச் சட்டை இருந்தது. அதில் காற்றடைக்கும் வால்வு சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் அதைவிட நல்ல வால்வு ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினார். ஏதாவது காசு பார்க்கலாம் என்ற எண்ணம்தான்.

கடை மேலாளர் வால்வைப் பாராட்டினார், ஆனால் வாங்கவில்லை. பிரச்சினை வால்வில் இல்லை, ரப்பரிலேயே இருக்கிறது என்று விஷயத்தைப் போட்டு உடைத்தார். கோடையில் உருகாத, குளிரில் வெடிக்காத ரப்பரை யாராவது கண்டுபிடித்தால் ஒழிய இந்தத் தொழிலே இருக்காது என்பது அவர் சொன்னதன் சாரம்.

குட்இயருக்கு வேதியியல் தெரியாது. கல்லூரிப் படிப்பு கிடையாது. கையில் பணமும் இல்லை. ஆனா அன்றைக்குப் பிடித்த ரப்பர் பைத்தியம் கடைசிவரை அவரை விடவில்லை.

ஜெயிலில் ஒரு சப்பாத்திக் கட்டை

பிலடெல்பியா திரும்பியதும் கடனுக்காக மறுபடி ஜெயில். அங்கிருந்து மனைவியிடம் அவர் கேட்டது ரெண்டு சாமான். கொஞ்சம் கச்சா ரப்பர், மாவு தேய்க்கும் கட்டை. சரக்கு வாங்க ஆள் இல்லாததால் கச்சா ரப்பர் அப்போது அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. ஏழை ஒருவர் ஆராய்ச்சி செய்யக்கூடிய பொருளாக ரப்பர் இருந்ததற்குக் காரணமே அதுதான். ஜெயில் அறையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ரப்பரைப் பிசைந்து, தேய்த்து, அதில் என்ன கலக்கலாம் என்று யோசித்தார்.

அவர் லாஜிக் எளிமையானது. ரப்பர் ஒட்டுகிறது, மாவு தூவினால் ஒட்டாது, அப்போ ஏதாவது ஒரு தூள் அந்தப் பிசுபிசுப்பை உறிஞ்சிவிடும். வெளியே வந்ததும் மெக்னீசியாத் தூளைக் கலந்தார். வெள்ளை வெளேரென்று அழகான ரப்பர் கிடைத்தது. குடும்பமே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் ஷூ செய்தது. கோடை வந்ததும் அத்தனையும் உருகியது. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். நியூயார்க்குக்கு இடம் மாறினார்.

அடுத்து சுண்ணாம்பு. மெக்னீசியாவோடு சேர்த்துச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்துப் பார்த்தார். இந்த முறை ரப்பர் பளபளவென்று வந்தது, பரிசுகூட வாங்கியது. ஆனால் லேசான அமிலத்துளி பட்டாலே பழையபடி பிசுபிசுத்தது.

அதற்கடுத்து நைட்ரிக் அமிலம். இது வந்த கதை சுவாரஸ்யமானது. அழகுக்காக வெண்கலப் பூச்சு பூசிய ஒரு ரப்பர் துண்டிலிருந்து பூச்சை நீக்க அமிலத்தை ஊற்றினார். ரப்பர் கருத்துப்போனது. வீணாகிவிட்டது என்று தூக்கி எறிந்தவர், பிறகு ஏதோ தோன்றி அதைத் தேடி எடுத்துப் பார்த்தார். மேற்பரப்பு வழவழவென்று, ஒட்டாமல் இருந்தது. 1837-ல் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார். நடுவில் அமிலப் புகையை மூச்சில் இழுத்துச் சாவின் விளிம்புவரை போய் வந்தார்.

முதலீட்டாளர் ஒருவரும் கிடைத்தார். அந்த நேரம் பார்த்து 1837-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. முதலீட்டாளர் காலி. குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ஒரு பழைய ரப்பர் ஆலையில் தங்கி, அவர் பிடித்துவரும் மீனைச் சாப்பிட்டு நாளைக் கடத்தியது.

பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனார். அங்கே அரசுத் தபால்துறையிடமிருந்து 150 ரப்பர் தபால் பைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. இதுதான் திருப்புமுனை என்று நினைத்தார். பைகளைச் செய்து சூடான ஓர் அறையில் வைத்துவிட்டு குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால் பைகள் உருகித் தொங்கிக்கொண்டிருந்தன. அமிலம் ரப்பரின் தோலை மட்டும்தான் மாற்றியிருந்தது, உள்ளே அதே பழைய ரப்பர். ஊரே பார்க்க நடந்த தோல்வி இது. இதற்குப் பிறகும் ஒருவர் ரப்பரைத் தொடுகிறார் என்றால் அது நம்பிக்கையா, பிடிவாதமா என்று தெரியவில்லை.

அந்த அடுப்பு

இடையில் நத்தானியேல் ஹேவர்ட் என்பவரைச் சந்தித்தார். அவர் ரப்பரில் கந்தகம் கலந்து வெயிலில் காயவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரப்பரின் மேல்பரப்பு ஓரளவு ஒட்டாமல் வந்தது. குட்இயர் அந்த முறையின் உரிமையை வாங்கிக்கொண்டார். தபால் பை தோல்விக்குப் பிறகும் கந்தகத்தை அவர் விடவில்லை.

1839 குளிர்காலம். இடம் மாசசூசெட்ஸில் உள்ள வோபர்ன். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மேல் பட்டது. கடையில் நண்பர்களிடம் ஆவேசமாகப் பேசியபோது கையிலிருந்து பறந்துபோய் விழுந்தது என்பது பலர் சொல்லும் கதை. கவனக்குறைவாக அடுப்பில் பட்டுவிட்டது என்று மட்டும் அவரே பின்னாளில் எழுதினார். எப்படியோ, பட்டது.

வழக்கமாக ரப்பர் சூட்டில் உருகும். இது உருகவில்லை. தோல் கருகுவது மாதிரி ஓரம் கருகியது. கருகிய பகுதியை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை மட்டும் கருகாமலும் ஒட்டாமலும் இழுவைத்தன்மையோடு இருந்தது. அந்தத் துண்டை அன்று ராத்திரி வெளியே கடும் குளிரில் ஆணியடித்து மாட்டிவைத்தார். காலையில் எடுத்து வளைத்தார். வளைந்தது. வெடிக்கவில்லை.

இதைத் தற்செயல் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேடிக்கொண்டிருந்தவன் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது என்பது அவர் வாதம். ஐந்து வருஷம் ரப்பரோடு கிடந்தவர் சொல்வதை மறுக்க முடியாது. அடுப்பில் ரப்பரைப் போட்ட வேறொருவர் கருகிய துண்டைக் குப்பையில்தான் போட்டிருப்பார்.

சரி, ரப்பருக்குள் என்ன நடந்தது? இதை குட்இயரே கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. விஞ்ஞானிகள் புரிந்துகொள்ள 20-ம் நூற்றாண்டு வரை ஆனது.

ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்க. கச்சா ரப்பர் அப்படித்தான், நீள நீளமான மூலக்கூறு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஒன்றோடு ஒன்று கட்டப்படவில்லை. சூடு ஏறினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், அதுதான் பிசுபிசுப்பு. குளிர்ந்தால் அசையாமல் விறைக்கும். கந்தகம் கலந்து சூடாக்கும்போது, கந்தக அணுக்கள் பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாலம் போடுகின்றன. இப்போது இழை நீளலாம், ஆனா நழுவி ஓட முடியாது. இழுத்துவிட்டால் பாலங்கள் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகின்றன. இதுதான் வல்கனைசேஷன்.

கந்தகம் கொஞ்சமாகப் போட்டால் ரப்பர் மெதுவாக இருக்கும், நிறையப் போட்டால் கட்டையாகும். மிக அதிகமாகப் போட்டு நன்றாக வேகவைத்தால் எபனைட் என்ற கரும்பலகை மாதிரியான பொருள் கிடைக்கும். அதற்குக் காப்புரிமை வாங்கியவர் குட்இயரின் தம்பி நெல்சன்.

உங்க கார் டயருக்கு இதில் என்ன இருக்கு?

எல்லாமே இருக்கு. டயர் கம்பெனிகள் இன்றும் தினமும் செய்வது, எவ்வளவு மெது, எவ்வளவு கட்டை என்ற அதே கணக்கைத்தான். கந்தகம் மட்டும் இல்லை, செயற்கை ரப்பர், கார்பன் கருந்தூள், சிலிக்கா, எண்ணெய் எல்லாம் சேர்ந்த கலவை அது. ஆனால் கடைசியில் அச்சில் வைத்து வேகவைக்கும் வேலை குட்இயர் கண்ட அதே வேலைதான். அவர் மணிக்கணக்கில் செய்ததை இப்போது சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள்.

சம்மர் டயர் என்பது சூடான ரோட்டுக்காகக் கலந்த ரப்பர். வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது விறைத்துப் பிடிமானத்தை இழக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் குளிர்காலத்துக்குத் தனி டயர் வைத்திருக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ 7 டிகிரியை யாரும் பார்த்ததில்லை என்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை. பனிக்கால டயரை இங்கே போட்டு ஓட்டினால்தான் சிக்கல், அந்த மெது ரப்பர் மே மாத ரோட்டில் சீக்கிரம் கரைந்துபோகும்.

பெர்ஃபார்மன்ஸ் வகையில் ரோட்டில் படும் ரப்பர் கட்டங்கள் பெரிதாக, விறைப்பாக இருக்கும். பக்கச் சுவர் உயரம் குறைவு. கலவை ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பிரேக்கும் திருப்பமும் நன்றாகத் தெரியும். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது மூன்று: டயர் சீக்கிரம் தேயும், மைலேஜ் கொஞ்சம் குறையலாம், பள்ளம் மேட்டில் குலுக்கல் கூடும். பிடிமானம், ஆயுள், எரிபொருள் சிக்கனம் மூன்றையும் ஒரே கலவையில் முழுசாகக் கொடுப்பது இன்றைக்கும் டயர் பொறியாளர்களுக்குத் தலைவலிதான். 1992-ல் மிஷெலின் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்ததே இந்த இழுபறியைக் குறைக்கத்தான்.

மாற்றுவதாக இருந்தால் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 205/55 ஆர்16 91வி என்று இருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான எண், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை. எடை எண்ணும் வேக எழுத்தும் கார் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது. டயரின் மொத்த உயரம் பழையதிலிருந்து ரொம்ப மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள், 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று நாலு வருஷம் குடோனில் கிடந்த பெர்ஃபார்மன்ஸ் டயரை வாங்குவது, சும்மா நல்ல டயர் வாங்குவதைவிட மோசம்.

கண்டுபிடித்தார், ஆனால் சாப்பாடு இல்லை

அடுப்புக் கதையோடு படம் முடிந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும். நிஜத்தில் குட்இயரின் வாழ்க்கையின் மிக மோசமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சூடு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது தெரியவில்லை. கிளாரிசா ரொட்டி சுட்டு முடித்ததும் அந்த அடுப்பில் ரப்பரை வைத்தார். கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியில் தொங்கவிட்டார். சுடுமணலில் புதைத்தார். தெரிந்த பட்டறைக்காரர்களிடம் கெஞ்சி அவர்கள் உலையைக் கொஞ்ச நேரம் வாங்கினார். கடைசியில் அழுத்தத்தில் உள்ள நீராவியில், சுமார் 130 டிகிரி செல்சியஸில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் ரப்பர் சீராக வருகிறது என்று கண்டார். அதற்குள் வருஷங்கள் போய்விட்டன.

அந்த வருஷங்களில் வீட்டில் விறகில்லை, உணவில்லை. பாத்திரம் பண்டம் அடகுக்குப் போனது. குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். ஒருமுறை 50 டாலர் கடன் கேட்டு பாஸ்டனுக்குப் போனார். கிடைக்கவில்லை. ஹோட்டல் பாக்கிக்காக ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்து நடந்தே வீடு திரும்பியபோது ரெண்டு வயது மகன் சாகும் நிலையில் இருந்தான். அடக்கம் செய்யப் பணமில்லை. அவருக்குப் பிறந்த 12 குழந்தைகளில் 6 பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தத் தோன்றுகிறது. குட்இயரைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக விடாமுயற்சி என்ற ஒரே சொல்லில் இதைக் கடந்துவிடுகிறார்கள். இரும்புக் கடையில் வேலைக்குப் போயிருந்தால் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள் என்று அன்றைக்கே உறவினர்களும் நண்பர்களும் அவரிடம் சொல்லத்தான் செய்தார்கள். அவர் கேட்கவில்லை. அந்த அடுப்படியை ஆராய்ச்சிக்கூடமாக விட்டுக்கொடுத்து, அதே அடுப்பில் சமைக்க ஒன்றுமில்லாமல் நின்றது கிளாரிசா. வல்கனைசேஷனின் விலையில் பெரும்பங்கு அவர் கொடுத்தது. பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அக்கம்பக்கத்தார் அவரைப் பைத்தியம் என்றே நினைத்தார்கள். தான் செய்த ரப்பருக்குத் தானே விளம்பரமாக, ரப்பர் தொப்பி, ரப்பர் கோட்டு, ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். பையில் ஒரு காசும் இல்லாத ரப்பர் பர்ஸ் வைத்திருப்பவரைப் பார்த்தால் அவர்தான் குட்இயர் என்று ஊரில் ஒரு கேலி இருந்தது.

கடைசியில் கைகொடுத்தவர் மனைவியைப் பறிகொடுத்த உறவினரோ பழைய கூட்டாளியோ இல்லை, கம்பளித் தொழிலில் இருந்த மைத்துனர் வில்லியம் டி ஃபாரஸ்ட். அவர் போட்ட பணம் 40 ஆயிரம் டாலரைத் தாண்டியது. 1844 ஜூன் 15 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 3633 குட்இயர் பெயரில் பதிவானது.

லண்டனில் ஒருவர் முந்திக்கொண்டார்

காப்புரிமை கிடைக்கும் முன்பே, முதலீடு பிடிக்க ரப்பர் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார் குட்இயர். எப்படிச் செய்தது என்று சொல்லவில்லை. அந்தத் துண்டுகள் தாமஸ் ஹான்காக் என்ற ரப்பர் தொழிலதிபரின் கைக்குப் போயின. இருபது வருஷமாக ரப்பரில் இருந்தவர் அவர். துண்டின் மேல் படிந்திருந்த மஞ்சள் பொடியைப் பார்த்ததும் கந்தகம் என்று பிடித்துக்கொண்டார். தானும் சோதனைகளைச் செய்து 1843 நவம்பரில் இங்கிலாந்தில் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். குட்இயர் அங்கே விண்ணப்பித்தபோது சில வாரங்கள் பிந்திவிட்டது. பின்னாளில் லண்டன் நீதிமன்றத்திலும் ஹான்காக்கே ஜெயித்தார். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் வல்கனைசேஷன் என்ற சொல்கூட ஹான்காக்கின் நண்பர் வைத்ததுதான்.

ஹான்காக் திருடினாரா? நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் பொருளைப் பார்த்து அதன் செய்முறையை ஊகிப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனா அந்தத் துண்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் அந்த வருஷம் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவிலும் ஆளாளுக்கு அவர் முறையைக் காப்பியடித்தார்கள். அதில் ஹோரஸ் டே என்பவர்மேல் போட்ட வழக்கு 1852-ல் நியூ ஜெர்சியின் டிரென்டனில் விசாரணைக்கு வந்தது. குட்இயர் தரப்புக்காக வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர். அப்போது அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர், பதவியில் இருந்தபடியே வாதாடினார். அவருக்குப் பேசிய சம்பளம் 15 ஆயிரம் டாலர். அதுவரை அமெரிக்க வழக்கறிஞர் யாரும் வாங்காத தொகை என்பார்கள். வழக்கில் வெற்றி. பல வருஷம் ரப்பரில் உழைத்து குட்இயர் பார்க்காத பணத்தை வக்கீல் ஒரே வழக்கில் பார்த்துவிட்டார்.

வழக்கு ஜெயித்த பிறகும் குட்இயர் பணக்காரர் ஆகவில்லை. உரிமங்களை மிகக் குறைந்த ராயல்டிக்குக் கொடுத்திருந்தார். வியாபாரம் அவருக்கு வரவே இல்லை. வந்த பணத்தையும் ரப்பரிலேயே கொட்டினார். 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சியில் சுவர், கூரை, மேஜை, நாற்காலி எல்லாம் ரப்பரால் ஆன அரங்கம் ஒன்றை 30 ஆயிரம் டாலர் செலவில் போட்டார். ரப்பரைப் பற்றி எழுதிய புத்தகத்தில்கூடச் சில பிரதிகளை ரப்பர் தாளிலேயே அச்சடித்தார். 1853-ல் இங்கிலாந்தில் இருந்தபோது கிளாரிசா இறந்தார்.

1855-ல் பாரிஸ் கண்காட்சி. இங்கே செலவு 50 ஆயிரம் டாலர். அந்த நேரத்தில் ஒரு சட்ட நுணுக்கத்தால் அவரது பிரெஞ்சுக் காப்புரிமை செல்லாது என்றாகி, வரவேண்டிய ராயல்டி நின்றது. கடன் கொடுத்தவர்கள் அவரைப் பிடித்து கிளிஷி கடன் சிறையில் போட்டார்கள், 16 நாள். அவர் உள்ளே இருந்தபோதுதான் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வழங்கிய லீஜியன் ஆஃப் ஹானர் விருது வந்து சேர்ந்தது. மகன் அதைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கடைசிப் பயணம்

1858-ல் அமெரிக்கக் காப்புரிமை மேலும் 7 வருஷம் நீட்டிக்கப்பட்டது. உடம்போ தளர்ந்துவிட்டது. 1860 கோடையில், நியூ ஹேவனில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வந்து கிளம்பினார். நியூயார்க் வந்து இறங்கியதும் மகள் இறந்துவிட்டாள் என்றார்கள். அங்கேயே சரிந்து விழுந்தார். ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். 1860 ஜூலை 1 அன்று இறந்தார். வயது 59.

ரப்பர் சக்கரத்துக்கு அதற்குப் பிறகுதான் காலம் வந்தது. காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன் 1840-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தாலும் அது ஓடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த டயர்தான் உலகைப் பிடித்தது. 1895-ல் மிஷெலின் சகோதரர்கள் காருக்குக் காற்றடைத்த டயர் மாட்டி பாரிஸிலிருந்து போர்டோ வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் வண்டி பாரிஸ் வந்து சேர்ந்தது. டன்லப்புக்கும் மிஷெலினுக்கும் கிடைத்தது வெயிலில் உருகாத ரப்பர். அதற்கு அவர்கள் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை, குட்இயரின் காப்புரிமை 1865-லேயே காலாவதியாகிவிட்டது.

1898-ல் ஒஹையோ மாநிலம் ஆக்ரனில் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் கடன் வாங்கி ஒரு பழைய ஆலையை வாங்கினார். சைக்கிள் டயரும் குதிரை வண்டி டயரும் செய்யத் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு மரியாதைக்காக குட்இயர் என்று பெயர் வைத்தார். சார்லஸின் பிள்ளைகளுக்கோ பேரன்களுக்கோ அதில் ஒரு பங்கும் இருந்ததில்லை.